எஃப்டலிங்: தேவதைத் தோட்டத்துக்கு ஆறு நிமிடம், காட்டுக்கு ஒரு நாள்

நெதர்லாந்தில் குழந்தைகளோடு இருப்பவர்களும், ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்துவிட்டு எங்கே கூட்டிப்போவது என்று முழிப்பவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி, இங்கே உள்ள எஃப்டலிங் என்ற தீம் பார்க்குக்குப் போகலாமா, இல்லை காசைச் சேர்த்து வைத்துப் பாரிஸ் டிஸ்னிக்கே போய்விடலாமா என்பது. பிள்ளை எட்டு வயதுக்குள் என்றால் எஃப்டலிங்தான், யோசிக்கவே வேண்டாம். அதற்கு மேல் என்றால் பிள்ளையைக் கேளுங்கள். பிள்ளையே இல்லை, நானும் என் வீட்டுக்காரரும் மட்டும் போகிறோம் என்றாலும் போகலாம், யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்கமாட்டார்கள். அங்கே வருகிறவர்களில் கணிசமானோர் வளர்ந்த டச்சுக்காரர்கள். சின்ன வயதில் தாத்தா கையைப் பிடித்து நடந்த பாதையில் திரும்ப நடக்கத்தான் வருகிறார்கள். ஆண்டுக்கு 50 லட்சம் பேருக்கு மேல் வரும் இடம், அதனால் கூட்டம் பற்றிய பயம் நியாயமானதுதான். அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் ட்ரோம்ஃப்ளுக்ட் என்ற இருட்டுச் சவாரி. படங்களில் எல்லாரும் போடுவது இதைத்தான். ஊஞ்சலாடும் குட்டித் தேவதைகள், பூக்கொடி, அருவி, ஒற்றைக் கொம்புக் குதிரை. 1992-ல் பூங்காவின் 40-ஆம் ஆண்டுக்குத் திறப்பதாக இருந்து, மேலே தண்டவாளத்தில் வண்டிகளைத் தொங்கவிட்டு ஓட்டும் அமைப்பு சரியாக வராமல், 1993-ல்தான் திறந்தார்கள். வடிவமைத்தவர் டொன் வான் டே வென், இசை ரூட் போஸ். இரண்டு பேர் உட்காரும் சின்ன வண்டி இருட்டுக்குள் நழுவிப் போகும். முதலில் கோட்டைகள், அப்புறம் காடு, அப்புறம்தான் அந்தத் தேவதைத் தோட்டம். உள்ளே நுழைந்ததும் மூக்குக்குத்தான் முதலில் தெரியும், ஈரமும் பூவும் கலந்த ஒரு வாசனை. நிஜமாகவே தண்ணீர் விழும், சத்தம் ஸ்பீக்கரில் வருவதில்லை. வண்டி நேராகப் போகாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்புகிறது, அதனால் ஒரு தேவதையை முழுசாகப் பார்த்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். பிள்ளைகள் "அங்கே பாரும்மா, இங்கே பாரும்மா" என்று கத்துவதும் நாம் எப்போதும் ஒரு நொடி பிந்தித் திரும்புவதுமாக அந்தப் பகுதி போய்விடும். தோட்டம் முடிந்ததும் விண்வெளியில் மிதக்கும் கோட்டைகள், கடைசியில் சதுப்புக் காட்டுக்குள் சுற்றிச் சுற்றி இறங்கும் ஒரு வேகமான வளைவு, அங்கே மூக்குப் பெருத்த பூதங்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். மொத்தம் ஆறு நிமிடம். அவ்வளவுதான்.

நன்றாக இருக்கிறதா என்றால், நன்றாகத்தான் இருக்கிறது. 30 வருடத்துக்கு மேல் ஆன விஷயம் என்று சொன்னால் நம்பமுடியாது. தேவதைகளின் இறக்கை இன்னமும் மெல்லிசாக ஒளிர்கிறது. பாட்டு வெளியே வந்த பிறகும் மண்டைக்குள் ஓடும், அடுத்த நாள் மீட்டிங்கிலும் ஓடும். ஆனால் இது காட்டும் விதத்தில் காட்டுவதைத்தான் நாம் பார்க்கிறோம். நிற்க முடியாது, கிட்டே போக முடியாது, தொட முடியாது. இனிப்பும் கொஞ்சம் தூக்கல். பள்ளி விடுமுறை நாட்களில் இந்த ஆறு நிமிடத்துக்காகப் பலமடங்கு நேரம் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், அந்த நேரம் முழுக்கப் பிள்ளையின் உற்சாகம் வடிந்துகொண்டே இருக்கும். ஆப்பில் காத்திருப்பு நேரம் காட்டுகிறார்கள், அது குறையும்போது ஓடுங்கள். காலையில் கதவு திறந்ததும் எல்லாரும் ரோலர் கோஸ்டர் பக்கம் ஓடும்போது இங்கே வந்துவிட்டால் நல்லது. வரிசை நீளமாக இருந்தால் விட்டுவிடுங்கள். நான் சொல்லவந்த நிஜமான தேவதைத் தோட்டம் அதற்குள் இல்லை, வெளியே மரங்களுக்கு நடுவே கிடக்கிறது.

ஸ்ப்ரோக்யெஸ்போஸ். தேவதைக் கதைகளின் காடு. 1952 மே 31-ல் வெறும் பத்துக் கதைகளோடு திறந்தது. எஃப்டலிங் என்று இன்று நாம் சொல்கிற 72 ஹெக்டேருக்கும் விதை அதுதான். ஓவியர் ஆண்டன் பீக் வரைந்தார், பீட்டர் ரெய்ண்டர்ஸ் என்ற சினிமாக்காரர் அதற்கு உயிர் கொடுக்கும் எந்திர வேலைகளைச் செய்தார். பீக்கிடம் முதலில் கேட்டபோது அட்டையில், பிளைவுட்டில் செட்டு போடுவதாக இருந்தால் நான் வரவில்லை, செங்கல்லும் மரமும் ஓடும் வைத்து நிஜமாகக் கட்டுவதானால் வருகிறேன் என்று நிபந்தனை போட்டாராம். அந்த ஒரு நிபந்தனைதான் இன்றைக்கும் இந்தக் காட்டைக் காப்பாற்றுகிறது. ஹான்சல் கிரெட்டல் வீட்டின் கூரையில் பாசி பிடித்திருக்கிறது என்றால் அது நிஜப் பாசி. சுவர் கோணலாக இருக்கும், கதவு கீச்சிடும், படிக்கட்டு நடுவில் தேய்ந்திருக்கும். ஃபைபரில் செய்து பெயின்ட் அடித்த இடங்கள் பத்து வருடத்தில் பல் இளித்துவிடும். இங்கே வயதாக ஆக இன்னும் நம்பும்படியாகத்தான் ஆகியிருக்கிறது.

பத்து என்று ஆரம்பித்தது இன்று முப்பதுக்கு அருகே வந்துவிட்டது. எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லப்போவதில்லை. பாதை வளைந்து வளைந்து போகும், அடுத்தது என்ன என்று தெரியாது, அதுதான் சுகம். பீக்கின் பழைய கதாபாத்திரம் லாங்நெக், நீளக் கழுத்துக்காரன், தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருப்பான், திடீரென்று கழுத்து மட்டும் மேலே ஏறிக்கொண்டே போகும், மரத்துக்கு மேலே நின்று எட்டிப் பார்த்துவிட்டு இறங்கும். சின்னப் பிள்ளைகள் பாதிப்பேர் சிரிப்பார்கள், பாதிப்பேர் அப்பா காலுக்குப் பின்னால் ஒளிவார்கள். ஒரு சதுக்கத்தில் சிவப்பு ஷூ ஜோடி மட்டும் தானாக ஆடிக்கொண்டிருக்கும், ஆள் கிடையாது, 1953-லிருந்து ஆடுகிறது. எப்படி என்று பெரியவர்கள் குனிந்து குனிந்து பார்ப்பார்கள், பிள்ளைகளுக்கு அந்தச் சந்தேகமே வராது.

எனக்குப் பிடித்தவை காளான்கள். பாதையோரம் சிவப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட காளான்கள் முளைத்திருக்கும், நம்மில் பலர் அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப்போய்விடுவோம். குனிந்து காதை வைத்தால் உள்ளே ஹார்ப்ஸிகார்ட், பியானோ மாதிரியான பழைய வாத்தியம், வாசிக்கிறார்கள். பெயர்ப்பலகை எதுவும் வைத்து "இங்கே காதை வையுங்கள்" என்று மிரட்டுவதில்லை. யாரோ ஒரு டச்சுப் பாட்டி பேரனைக் குனியவைத்துக் கேட்கச் சொல்வதைப் பார்த்து நாமும் கற்றுக்கொள்ள வேண்டியதுதான். கோட் போட்ட பெரிய மனிதர்கள் முழங்காலிட்டுக் காளானில் காதை வைத்துக்கொண்டிருக்கும் காட்சிக்கே டிக்கெட் காசு சரியாகப் போய்விடும்.

இன்னொன்று குப்பைத்தொட்டி. சிரிக்காதீர்கள். ஹொல்ல பொல்ல ஹெய்ஸ் என்று ஒரு குண்டன், வாயை அகலத் திறந்து உட்கார்ந்திருப்பான், "காகிதம் இங்கே போடு" என்று டச்சில் கெஞ்சுவான். கையை வாய்க்குள் விட்டால் காற்று இழுத்துக்கொள்ளும், "நன்றி" என்பான். 1959-ல் பூங்காவில் குப்பை தாங்க முடியாமல் போனபோது வைத்த முதல் ஆள் இவன், இப்போது பூங்கா முழுக்க இவனும் இவன் சொந்தக்காரர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளைகள் கீழே கிடக்கும் காகிதத்தை எல்லாம் தேடிப் பொறுக்கி ஊட்டுவார்கள். அதுவும் தீர்ந்தால் உங்கள் கைப்பையிலிருந்து பில், டிஷ்யூ, பார்க்கிங் சீட்டு எல்லாம் போகும், பத்திரம். நம் ஊர்ப் பூங்காக்களில் முயலும் பென்குவினும் வாயைத் திறந்து "யூஸ் மீ" என்று நிற்குமே, அவை எங்கிருந்து கிளம்பின என்று எனக்குத் தெரியாது, ஆனால் அவை பேசியிருந்தால் நாமும் போட்டிருப்போம்.

இனி இந்தியா. ஆமாம், காட்டுக்குள் ஓர் இந்தியா இருக்கிறது. 1966-ல் திறந்த இந்திய அல்லிப்பூக்கள். பின்னாளில் பெல்ஜியத்தின் அரசியான ஃபபியோலா, கல்யாணத்துக்கு முன் ஸ்பெயினில் இருந்தபோது குழந்தைகளுக்கு எழுதிய கதைகளில் ஒன்று இது. தேவதைகள் ஏரியில் ஆட வருகின்றன, சொன்ன சொல்லைக் கேட்காததால் ஒரு சூனியக்காரி அவற்றை அல்லிப்பூவாக்கிவிடுகிறாள், இரவில் அவள் பாடும்போது மட்டும் பூ விரிந்து தேவதை எழுந்து ஆடலாம். வெளிச்சத்திலிருந்து குகை மாதிரி ஒரு வழியில் உள்ளே போனால் முதலில் ஒன்றுமே தெரியாது, கண் பழகப் பழகத் தண்ணீர் தெரியும், அப்புறம் இருட்டுக்குள் பெரிய சூனியக்காரியின் தலை. அவள் பாடுகிற அந்தக் குரல் பெருவைச் சேர்ந்த இமா சுமாக்கின் குரல், அடிவயிற்றிலிருந்து கிளம்பி மண்டை உச்சிக்குப் போகும், எங்கள் வீட்டுச் சின்னது என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. உடனே தவளைகள் கொட்டு வாசிக்கின்றன, வாத்துகள் ஊதுகின்றன, பெர்ட் கெம்ஃபெர்ட்டின் துள்ளலான மெட்டு ஒன்று தொடங்குகிறது, பூக்கள் மெல்ல விரிந்து ஒவ்வொன்றின் மேலும் விரல் அளவுத் தேவதை எழுந்து சுற்றுகிறது. ஸ்பானியப் பெண் எழுதிய இந்தியக் கதைக்குப் பெருவின் குரலும் ஜெர்மன் தாளமும், கட்டியவர்கள் டச்சுக்காரர்கள். எந்த இந்தியா என்று கேட்காதீர்கள், அப்படி ஓர் இந்தியா வரைபடத்தில் இல்லை. ஆனால் அந்த ஒரே இருட்டு அறையில் ட்ரோம்ஃப்ளுக்ட் முழுவதையும்விட அதிகமாக மாயம் இருக்கிறது என்பேன். காரணம் எளிது. வண்டி இழுத்துக்கொண்டு போவதில்லை, நிற்கிறோம், காத்திருக்கிறோம், பூ தன் நேரத்துக்குத்தான் விரிகிறது. பயமும் கொஞ்சம் இருக்கிறது. பயமில்லாத தேவதைக் கதை வெறும் பொம்மைக்கடை.

பக்கத்திலேயே பறக்கும் ஃபக்கீர், 1958. தலைப்பாகை கட்டிய ஒருவர் கோபுரத்தில் உட்கார்ந்து குழல் ஊதுகிறார், பாம்பு வரும் என்று நாம் எதிர்பார்க்கிறோம், வருவது ட்யூலிப் பூ! அப்புறம் கம்பளத்தில் ஏறி எதிர்க் கோபுரத்துக்குப் பறந்துபோகிறார், அங்கேயும் ஊதுகிறார், அங்கேயும் பூ. டச்சுக்காரர்களிடம் கிழக்கைக் கொடுத்தாலும் கடைசியில் ட்யூலிப்தான் முளைக்கும். இதைப் பார்த்து முகம் சுளிக்கும் நண்பர்களும் உண்டு, பழைய காலத்து வெள்ளைக்காரக் கண் என்று. அது சரிதான், மறுக்கமாட்டேன். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, உங்களுக்கு எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மொழி ஒரு தடைதான். பேசும் மரம், ஓநாய் எல்லாம் டச்சில்தான் பேசும். கதை தெரிந்திருந்தால் பிரச்சினை இல்லை. சிவப்புத் தொப்பிக்காரியும் ஏழு ஆட்டுக்குட்டியும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் நீளக் கழுத்துக்காரன், தங்கக்காசு போடும் கழுதை, கிணற்றுக்குள் இருக்கும் அம்மையார் மாதிரியான ஜெர்மன் கதைகள் நம் வீடுகளில் அவ்வளவாகப் புழங்காதவை. போகுமுன் ஒரு வாரம் தூங்கும் நேரத்தில் இந்தக் கதைகளைச் சொல்லி வையுங்கள். ஊரிலிருந்து வந்த பாட்டி இருந்தால் இன்னும் நல்லது, நீங்கள் கதையைச் சொல்லுங்கள், பாட்டி அதைத் தன் பாணியில் மாற்றிச் சொல்லிக்கொள்வார். இங்கே டச்சுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது எதுவும் வேண்டாம், அவர்கள்தான் நமக்கு மொழிபெயர்ப்பார்கள்.

சாப்பாடு விஷயத்தில் அசைவக்காரர்களுக்குக் கவலையில்லை. சைவம் என்றால் உருளைக்கிழங்குச் சிப்ஸ், பான்கேக், பாலாடைக்கட்டி ரொட்டி, திரும்ப உருளைக்கிழங்கு. டச்சு பான்கேக்கில் பன்றி இறைச்சித் துண்டு போட்டதும் சர்வ சாதாரணமாக இருக்கும், ஆர்டர் செய்யும்போதே கேட்டுவிடுங்கள். பாஃபெர்ட்யெஸ் கிடைத்தால் விடாதீர்கள், குழிக்கல்லில் ஊற்றித் திருப்பிப் போடும் அச்சு அசல் பணியாரம், வெண்ணெயும் பொடிச் சர்க்கரையும் மேலே. விலை எல்லாம் பூங்கா விலைதான். கையில் டப்பா கொண்டுபோகத் தடை இல்லை, டச்சுக் குடும்பங்களே ரொட்டி டப்பாவோடுதான் வருகிறார்கள், நீங்கள் புளியோதரையோடு போனால் யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை. மர பெஞ்சுகள் நிறைய உண்டு, மழை வந்தால்தான் சிக்கல்.

டிக்கெட் தேதி போட்டு ஆன்லைனில் வாங்க வேண்டும், நாளைப் பொறுத்து விலை மாறும், ஆளுக்கு 40 யூரோவைத் தாண்டித்தான் இருக்கும். நாலு வயது ஆகாத பிள்ளைக்கு டிக்கெட் இல்லை. கார் நிறுத்தத் தனிக் காசு. எய்ந்தோவனிலிருந்து ரயிலில் டில்பர்க் ஏறக்குறைய அரை மணி, அங்கிருந்தோ டென் போஸிலிருந்தோ பஸ் வாசலிலேயே இறக்கிவிடும். ஊர் பெயர் காட்ஸ்ஹோவெல், ஒரு காலத்தில் செருப்புத் தைக்கிற ஊர். இறங்கியதும் கூர்கூராக வானத்தைக் குத்தும் நாணல் கூரை ஒன்று தெரியும், 1996-ல் கட்டிய நுழைவாயில், அதுவும் டொன் வான் டே வென் கைவண்ணம்தான். எல்லாரும் அங்கே நின்று செல்ஃபி எடுத்து வழியை அடைப்பார்கள், திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளலாம்.

வருடம் முழுக்கத் திறந்திருக்கிறது, 2010-லிருந்து இப்படித்தான், கொரோனா காலத்தில் மூடியதைத் தவிர. கோடையில் மாலை வெகுநேரம் வெளிச்சம் இருக்கும். ஆனால் இந்தக் காட்டுக்கு என் ஓட்டு அக்டோபர் கடைசிக்கும் டிசம்பருக்கும். இலை உதிர்ந்து, நாலரை மணிக்கே இருட்டிக்கொண்டு வந்து, வீடுகளின் ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம் ஏறும்போதுதான் பீக் வரைந்த படம் நேரில் தெரியும். குளிர்காலத்தில் ஆங்காங்கே தீ மூட்டியும் வைப்பார்கள். விரல் விறைக்கும், கையுறை மறக்காதீர்கள். அக்டோபர் நடுவில் வரும் பள்ளி விடுமுறை வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அந்த வாரம் நாடே அங்கேதான் நிற்கும். வேலைநாள் ஒன்றில் லீவு போட்டுப் போக முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை.

மற்ற சவாரிகளைப் பற்றி ஒரு வரி. சிம்பாலிக்கா, 2017-ல் வந்த அரண்மனைச் சவாரி, அழகு, சின்னவர்களுக்கும் ஏற்றது. பாரன் 1898 என்ற ரோலர் கோஸ்டர் சுரங்கத்துக்குள் 37.5 மீட்டர் தலைகுப்புற விழும், எனக்கு வேண்டாம், பதின்ம வயதுக்காரர்களுக்கு அதுதான் வேண்டும். பழைய பேய்மாளிகையை இடித்துவிட்டு 2024-ல் கட்டிய டான்ஸ் மக்காபர் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், வரிசையும் அதற்கேற்ற நீளம்.

முழங்கால் வலியுள்ள பெற்றோரோடு போகிறவர்களுக்கு: காட்டுப் பாதை சமமாகத்தான் இருக்கிறது, ஆனால் நாள் முழுக்க நடை, மறுநாள் தெரியும். பூங்காவைச் சுற்றி நீராவி ரயில் ஓடுகிறது, குளத்தில் கொண்டொலெட்டா என்று தானாக நகரும் படகும் உண்டு, அதில் அவர்களை ஏற்றிவிட்டு நீங்கள் பிள்ளைகளோடு வரிசையில் நிற்கலாம். அம்மா புடவையில்தான் வருவேன் என்றால் வரட்டும், அந்தப் படகில் ஏறுவதற்கு மட்டும் ஒரு கை கொடுங்கள். இரண்டு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு "இன்னும் கொஞ்சம் வளரட்டும், அப்புறம் போகலாம்" என்று தள்ளிப்போடுகிறவர்கள், இப்போதே ஒரு முறை காட்டுக்கு மட்டும் போய்வந்துவிடுங்கள். அவளுக்கு டிக்கெட் காசு மிச்சம், காளானும் அவள் உயரத்துக்குத்தான் இருக்கிறது.